இருநூறு மில்லி கூடிப்போச்சு

முதலில் தெரிந்தது கண்கள்தான்.

மற்றதெல்லாம் மழைக்கோட்டுக்குள் இருந்தது. தலையை மூடிய தொப்பி, மூக்கை மூடிய முகக்கவசம், இரண்டுக்கும் நடுவில் இரண்டு கண்கள்... ஈரம் சொட்டச் சொட்ட ஒரு சாம்பல் நிற ஸ்கூட்டரை ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரைக்குள் ஏற்றிக்கொண்டு வந்தாள் அவள். சசிதரன் வண்டியைப் பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாவம், நிமிர்ந்துவிட்டான்.

"ஆயில் மாத்தணும். அரை மணி நேரத்துல முடியுமா?"

"கால் மணி போதுங்க."

"வேகமா செய்யறேன்னு அரைகுறையா விட்டுடாதீங்க. நாளைக்கு மாயவரத்துல எனக்கு இன்டர்வியூ. வழியில நின்னுச்சுன்னா நேரா வந்து உங்க கடை வாசல்லயே உக்காந்துடுவேன்."

உட்காருங்களேன், யார் வேண்டாமென்றது... என்று மனசு சொன்னது. வாய் மட்டும் ஒழுங்காக, "நிக்காதுங்க" என்றது.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து மூன்று மணிக்குத்தான் கடை திறந்திருந்தார்கள். திருநள்ளாறு ரோட்டில் அந்த ஒர்க்‌ஷாப்பை நடத்துவது கமருன்னிசா அக்கா. கணவர் மதார் சாகிப் குவைத்தில். ஒன்பது வருஷமாகக் கல்லாவில் அக்காதான். ஸ்பேனரைக் கையால் தொடமாட்டார். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "டேய் சசி, மூணாவது வண்டி இருமுது பாரு" என்பார். போய்ப் பார்த்தால் இருமத்தான் செய்யும்.

அக்கா போட்ட ஒரு சட்டம் காரைக்கால் முழுக்கப் பிரசித்தம். ஆயில் ஒரு லிட்டர் கேனில் வரும். ஸ்கூட்டருக்கு எண்ணூறு மில்லிதான் ஊற்ற வேண்டும். மற்ற கடைகளில் அந்த மிச்ச இருநூறு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அக்கா கடையில் அதை மூடி போட்டு வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடவேண்டும். "அடுத்தவங்க பொருளு ஒரு சொட்டு தங்குனாலும் ஹராம்டா" என்பார். இதற்காகவே திருமலைராயன்பட்டினத்திலிருந்தெல்லாம் வண்டிகள் வரும். சசிதரனும் அந்த ஊர்தான்.

அவன் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றினான். பழைய ஆயில் தாராக இறங்கியது. அவள் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்ளோ கறுப்பாவா இருக்கும்?"

"ரொம்ப நாளா மாத்தலைங்க நீங்க."

"ஊர்ல எல்லாருக்கும் சுகர் பாக்கறேன், கொழுப்பு பாக்கறேன்... என் வண்டிக்குப் பாக்க மறந்துட்டேன் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே முகக்கவசத்தைக் கழற்றி, சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சசிதரன் புது ஆயிலை ஊற்றத் தொடங்கியிருந்தான். வெளியே மழை சடசடவென்று அடித்தது. அவள் என்னவோ கேட்டாள். அவன் என்னவோ சொன்னான். அவள் மறுபடி சிரித்தாள். இடது பக்கம் மட்டும் ஒரு சின்னக் குழி விழுந்தது... சாய்த்த கேன் சாய்த்தபடியே இருந்தது.

கல்லாவில் பில் போடும்போது தமிழரசி என்று பெயர் சொன்னது அவன் காதில் விழுந்தது. வீடு கோவில்பத்து என்று சொன்னதும் விழுந்தது. போன் நம்பர் சொன்னபோது மட்டும் மழை வலுத்துவிட்டது.

ஆறு மணிக்குக் கடையைக் கூட்டும்போது அக்கா கேட்டார்.

"டேய், அந்த மழைக்கோட்டுப் பொண்ணுகிட்ட மிச்ச ஆயிலைக் குடுத்தியா?"

சசிதரன் தரையில் கிடந்த கேனை எடுத்தான். எடுத்த கை ஜிவ்வென்று மேலே போனது. கனமே இல்லை. குலுக்கிப் பார்த்தான். தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு சொட்டு வந்தது, அது கூட யோசித்து யோசித்து வந்தது.

ஐயோ... முழு லிட்டரையும் ஊத்திட்டேனா!

ஊற்றிய பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்து அளவு பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். எங்கே பார்த்தான்? டிப்ஸ்டிக்கையா பார்த்தான் அவன்?

"குடுத்துட்டேன்க்கா" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவனுக்கு உறைத்தது.

அவளுடைய போன் நம்பர் பில் புத்தகத்தில் இருந்தது. பில் புத்தகம் அக்காவின் முழங்கைக்குக் கீழே இருந்தது. கேட்டால் எதற்கென்று கேட்பார். சொன்னால் பொய் வெளுத்துவிடும். சசிதரன் அந்த முழங்கையையே இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு நேராகக் கோவில்பத்துக்குப் போனான்.

ஆயில் குறைந்தால் மட்டும்தான் கெடுதல் என்று ஊர் நினைக்கிறது. கூடினாலும் கெடுதல்தான். உள்ளே சுற்றுகிற இரும்பு ஆயிலில் முங்கி நுரையடிக்கும். வண்டி இழுக்காது. புகை தள்ளும். தூரம் போகப் போக சீல் பிய்த்துக்கொண்டு ஆயில் வெளியே வரும். நாற்பது கிலோமீட்டர்... இன்டர்வியூ... அவன் ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

கோவில்பத்தில் தெருத் தெருவாக ஊர்ந்தான். வாசலுக்கு வாசல் ஸ்கூட்டர். பாதிக்கு மேல் சாம்பல் நிறம். அவளுடைய வண்டி நம்பர் என்ன? பி.ஒய். ஜீரோ டூ... அது காரைக்கால் மொத்தத்துக்கும் உள்ளதுதானே! அதற்கு மேல் ஒரு எழுத்துகூட ஞாபகம் வரவில்லை. கண்ணிமையில் முடி எத்தனை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். மூன்றாவது தெருவில் ஒரு நாய் துரத்தியது. ஐந்தாவது தெருவில் ஒரு பெரியவர், "யாருப்பா நீ, வீடு வீடா எட்டிப் பாக்கற?" என்று செருப்பைத் தேடினார். அதற்கு மேல் நின்றால் மரியாதை இல்லை என்று வீடு திரும்பினான். ராத்திரி முழுக்கத் தூக்கம் அரையும் குறையும்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் கோவில்பத்து முனையில், பஸ் நிறுத்தத்து நிழற்குடையின் கீழே நின்றான் சசிதரன். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே ஸ்பேனர், ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய ட்யூப், அந்தக் காலிக் கேன். மாயவரம் போக எந்த வழியைப் பிடித்தாலும் இந்த முனையைத் தாண்டித்தான் அவள் போகவேண்டும். மழை விட்டிருந்தது. சனிக்கிழமையானதால் திருநள்ளாறு போகிற வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

ஏழே காலுக்கு வந்தாள். வண்டிக்கு முன்னால் கண் தெரிந்தது, பின்னால் வெள்ளைப் புகை தெரிந்தது. சசிதரன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுரோட்டில் குதித்தான்.

கிரீச்!

"ஏங்க! விடிஞ்சும் விடியாம விழறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"

"வண்டிய ஆஃப் பண்ணுங்க மொதல்ல... ஆயில் ஜாஸ்தியா இருக்கு."

அவள் உற்றுப் பார்த்தாள். "நீங்க... நேத்து ஒர்க்‌ஷாப்ல..."

"ஆமாங்க. எண்ணூறு ஊத்த வேண்டிய இடத்துல ஒரு லிட்டரும் ஊத்திட்டேன். இருநூறு மில்லி கூடிப்போச்சு. இதோட மாயவரம் போகாதீங்க."

தமிழரசி வண்டியை ஓரம் கட்டினாள். இன்று மழைக்கோட்டு இல்லை. வெளிர் நீலத்தில் காட்டன் புடவை, ஈரம் காயாத பின்னல், நெற்றியில் துளியூண்டு பொட்டு. சசிதரன் சட்டென்று ரோட்டைப் பார்த்துக்கொண்டான். நேற்று பட்டது போதாதா?

"நான் இந்த ஏரியான்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"நீங்கதான் பில்லு போடும்போது..."

"ஓஹோ! அத ஒட்டுக்கேட்டுட்டு விடியக்காலையில வந்து மறிக்கிறீங்க. பொண்ணுங்கள நிறுத்தறதுக்கு இது என்ன புது வழியா? அட்ரஸ் கேப்பாங்க, டைம் கேப்பாங்க... ஆயில் ஜாஸ்தின்னு சொல்லி இப்பத்தான் கேக்கறேன்."

"நிஜமாங்க..."

"நிஜமா? பாத்துடுவோம். எனக்கும் பாக்கத் தெரியும்."

சொன்னபடியே சைடு ஸ்டாண்டைத் தட்டினாள். ஆயில் மூடியைத் திருகிக் கழற்றினாள். மூடியோடு ஒட்டிய குச்சிதான் டிப்ஸ்டிக். அதைத் துடைத்து, விட்டு, எடுத்தாள். குச்சியில் இரண்டு கோடு உண்டு. மேல் கோட்டைத் தாண்டினால் அதிகம், கீழ்க் கோட்டுக்கு இறங்கினால் குறைவு. ஆயில் இரண்டுக்கும் நடுவே சமர்த்தாக நின்றது.

"கோட்டுக்குள்ளதான் இருக்கு!" குச்சியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "என்ன சொல்றீங்க இப்ப?"

சசிதரனுக்குக் காது மடல் சுட்டது. பொய்க்காரன் என்று நினைத்துவிட்டாள்... அதுகூடப் பரவாயில்லை. இதை நம்பி மாயவரம் கிளம்பிவிட்டால்?

"மேடம், ஒரே ஒரு நிமிஷம். வண்டி இப்பத்தான் ஓடி நின்னிருக்கு. ஆயில் பூரா மேல எஞ்சினுக்குள்ள ஒட்டிக்கிட்டு நிக்குது. வண்டி வேற சாஞ்சு நிக்குது. சமமான தரையில சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஆயில் கீழ இறங்கற வரைக்கும் பொறுத்துப் பாக்கணும். அப்பத்தான் குச்சி நெசத்தச் சொல்லும்."

"எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிஷம்."

அவள் மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் ஏதோ நினைத்துக்கொண்டவளாய் மூடியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"லேப்ல நாங்களும் அப்படித்தான். ரத்தத்த ஒரு ட்யூப்ல நிக்க வெச்சு, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் எவ்ளோ இறங்கியிருக்குன்னு படிப்போம். அவசரப்பட்டா ரிசல்ட் தப்பு..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவள், விரலை நீட்டினாள். "பத்து நிமிஷம். பதினொண்ணாவது நிமிஷம் இது கோட்டுக்குள்ள இருந்துச்சுன்னா, இந்த ரோட்டுல இருக்கறவங்க எல்லாரையும் கூப்புடுவேன்."

"கூப்புடுங்க. நானே சேந்து கூப்புடறேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

நிழற்குடையின் கீழ் இரண்டு பேரும் ஒரு பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். நடுவில் மஞ்சள் பை. எதிர்க் கடையிலிருந்து இரண்டு டீ வாங்கி வந்தான். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது. உலகத்திலேயே இவ்வளவு சுருக்காகப் போகிற நிமிஷங்களை சசிதரன் பார்த்ததில்லை.

"நீங்க எந்த ஊரு?"

"திருமலைராயன்பட்டினம். அப்பா கடலுக்குப் போறவரு."

"நீங்க போகலையா?"

"போனேன். கரை மறையறதுக்குள்ள மூணு தடவ வாந்தி. கடல்காரன் வீட்டுல பொறந்துட்டு இப்படியான்னு ஊரே சிரிச்சுது. எஞ்சின்கிட்ட மட்டும் போய் உக்காந்தா வாந்தி வரல. சரி, எஞ்சினோட கரையிலயே இருந்துக்கடான்னுட்டாரு அப்பா."

அவள் டீ புரையேறச் சிரித்தாள். அப்புறம் அவளைப் பற்றிச் சொன்னாள். ஆறு வருஷமாக லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. குழந்தையோ கிழவரோ, முதல் குத்திலேயே நரம்பு கிடைத்துவிடும். இரண்டாவது தடவை குத்தியதே கிடையாது. அந்தப் பெருமையைச் சொல்லும்போது புருவம் இரண்டும் மேலே போய்வந்தன. மாயவரத்தில் பெரிய ஆஸ்பத்திரி, அங்கே கிடைத்துவிட்டால் நல்லது...

"கிடைக்குங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றான். எப்படி என்று அவனுக்கே தெரியாது.

திடீரென்று அவள் திரும்பினாள். "ஒண்ணு கேக்கணும். எவ்ளோ வருஷமா இந்த வேலை பாக்கறீங்க?"

"ஏழு வருஷம்."

"ஏழு வருஷத்துல இந்த மாதிரி எத்தன தடவ முழுசா ஊத்தியிருக்கீங்க?"

"இதுதான் மொதல் தடவ."

"பின்ன எப்படி? நேத்து மட்டும் ஏன் அப்படி ஆச்சு?"

வேறு எந்தக் கேள்வியாக இருந்தாலும் பதில் இருந்தது. இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அதை எப்படி வாயால் சொல்வது? மொத்தமாகச் சேர்த்தாலும் அரை மணி நேரம்கூடப் பார்த்திராத பெண்ணிடம்... அதுவும் ரோட்டை மறிக்க வந்தவன் என்று ஏற்கெனவே சந்தேகப்பட்ட பெண்ணிடம்...

"பத்து நிமிஷம் ஆயிடுச்சுங்க" என்று எழுந்துவிட்டான்.

வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நின்றது. டிப்ஸ்டிக்கைத் துடைத்தான். "இந்த வண்டிக்கு மரையில திருகக் கூடாதுங்க, சும்மா உள்ள விட்டு எடுக்கணும்" என்று சொல்லி, விட்டு, எடுத்து, அவளிடமே நீட்டினான்.

ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நின்றது. தேன் நிறத்தில், பளபளவென்று.

தமிழரசி குச்சியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மன்னிச்சுக்கங்க. நான் வேற என்னென்னமோ பேசிட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. அடி போல்ட்ட லேசா லூஸ் பண்ணி வடிச்சுடுவேன். ஆனா சூடா இருக்கும், தெறிக்கும்... நீங்க புடவையில..."

"எதுக்கு வடிக்கணும்?" அவள் சீட்டைத் தூக்கினாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற பெட்டி உள்ளே இருந்தது. அதிலிருந்து இருபது மில்லி சிரிஞ்சு ஒன்றைப் பிரித்தாள். "உங்க பையில ஒரு ட்யூப் எட்டிப் பாக்குதே? மாட்டுங்க. இது என் வேலை."

அப்புறம் நடந்ததைக் கோவில்பத்து முனையில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். நீலப் புடவை கட்டிய ஒரு பெண் ஸ்கூட்டருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பையன் பக்கத்தில் குந்தி ட்யூபைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நரம்பு கிடைச்சுதாங்க?"

"பேஷண்டோட சொந்தக்காரங்க பேசக் கூடாது. எத்தனையாவது இது?"

"ஆறு. நூத்தி இருவது."

"ஏழு... ட்யூபப் பாத்துப் புடிங்க, ஆயில் ஏன் வெளிய சொட்டுது?"

ஏன் சொட்டாது? அவளுடைய பின்னல் அவன் தோளில் விழுந்து கிடந்தது. சொன்னால் எடுத்துவிடுவாளே என்று அவன் சொல்லவில்லை.

பத்து ஊசி. இருநூறு மில்லி. எல்லாவற்றையும் காலிக் கேனில் பீச்சினாள். மறுபடி எஞ்சினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைத்தான். "இன்னொரு தடவ பொறுத்துப் பாக்கணுங்க, நேரமாவும்" என்று தயங்கினான். "ஆகட்டும்" என்றாள் அவள். கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. இந்தத் தடவை ஆயில் இரண்டு கோட்டுக்கும் இடையில், மேல் கோட்டை ஒட்டி, வைத்தது வைத்தபடி நின்றது.

"இது உங்களோடது" என்று கேனை மூடி அவளிடம் கொடுத்தான். "நேத்தே குடுத்திருக்கணும்."

வாங்கிக்கொண்டாள். வண்டியைக் கிளப்பினாள். கிளப்பிவிட்டும் போகாமல் நின்றாள்.

"ஏன் அப்படி ஆச்சுன்னு நீங்க இன்னும் சொல்லல."

சொல்லடா சசி, சொல்லித் தொலையேன்டா...

"கவனப்பிசகுங்க" என்றான்.

"அவ்ளோதானா..." என்றாள். கண்ணில் எதுவோ சட்டென்று அணைந்தது. வண்டி புகையில்லாமல் அழகாகப் போனது. அது திருநள்ளாறு ரோட்டில் மறைகிறவரை நின்றவன், பஸ் நிறுத்தத்துத் தூணை ஒரு உதை உதைத்தான். வலித்தது. வலிக்கட்டும் என்று இன்னொன்று உதைத்தான்.

நேராகக் கடைக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். பொய் சொன்னதைச் சொன்னான். ஊற்றியதைச் சொன்னான். எடுத்ததைச் சொன்னான். கமருன்னிசா அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவனைப் பார்த்தார்.

"சரி, ஒத்துக்கிட்ட. ஏன்டா முழுசா ஊத்துன?"

சசிதரன் கீழே கிடந்த ஒரு போல்ட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"தூக்கமா? போனு பாத்தியா? வீட்டுல ஏதும் பிரச்சினையா? என்னான்னு தெரிஞ்சாத்தானே அடுத்த வண்டிய உன் கையில விடலாம்? இல்லன்னா நாளைக்கு பிரேக்க மறந்துட்டேம்ப."

சசிதரன் தரையைப் பார்த்தான். சொன்னால் கடை முழுக்கச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு நல்ல பெண்ணின் பெயரை இந்த ஆயில் தரையில் போட்டு உருட்டுவதா? அதற்கு அவன் ரோஷம் ஒத்துக்கொள்ளவில்லை.

"சொல்ல மாட்டியா? அப்ப காரணம் வாயில வர்ற வரைக்கும் நீ எஞ்சினத் தொடாத. பஞ்சர் ஒட்டு." அக்கா அவனுடைய ஸ்பேனர் கட்டை வாங்கிக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டினார்.

ஏழு வருஷம் பழகிய கை. எஞ்சின் சத்தம் கேட்டாலே தானாக நீளும். அந்தக் கையை மடக்கிக்கொண்டு பஞ்சர் ஒட்டினான். ஒரு நாள்... மூன்று நாள்... ஒரு வாரம். வாளித் தண்ணீரில் ட்யூபை முக்கினால் குமிழி வரும். ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு தடவை அவள் ஞாபகம் வரும். வேலை கிடைத்திருக்குமா? வண்டி நன்றாக ஓடுகிறதா? அவ்வளவுதானா என்று ஏன் கேட்டாள்? கேட்டபோது முகம் ஏன் அப்படிப் போனது?

எட்டாம் நாள் பகல் பதினோரு மணி. சுள்ளென்று வெயில்.

"அக்கா, ஆயில் லெவல் பாக்கணும்."

வாளிக்குள் இருந்த சசிதரனின் கை அப்படியே நின்றது.

"பாக்கலாமே" என்றார் அக்கா. "ஆனா உன் வண்டியப் பாத்தவன் இப்ப எஞ்சினத் தொடறதில்லம்மா. பஞ்சர்தான்."

"ஏன்? அவர்தானே வந்து சரி பண்ணிக் குடுத்தாரு? தேடி வந்து..."

"வந்தான், என்கிட்டயும் ஒத்துக்கிட்டான். ஆனா ஏன்டா அப்படி ஊத்துனேன்னு ஒத்தக் கேள்வி கேட்டேன். எட்டு நாளா வாயத் தொறக்க மாட்டேங்கறான். சொன்னா அந்த நிமிஷமே ஸ்பேனரக் குடுத்துடுவேன். நீயாவது கேட்டுப் பாரேன்." அக்கா பில் புத்தகத்தைப் புரட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார். காது மட்டும் குனியவில்லை.

தமிழரசி அவனுக்கு எதிரே வந்து நின்றாள். அவன் எழுந்தான். கையெல்லாம் ஈரம், சட்டையெல்லாம் கரி.

"எட்டு நாளா எஞ்சினத் தொடலையா?"

"இல்லைங்க."

"ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிருக்கும்ல?"

"உங்க பேர இழுக்க வேண்டியிருக்கும். அதான்..."

"என் பேரா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "என் பேர எதுக்கு இழுக்கணும்? இப்ப நானே கேக்கறேன். ஏன் முழுசா ஊத்துனீங்க?"

இந்தத் தடவை பத்து நிமிஷம் ஆகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சசிதரன் மூச்சை இழுத்தான். நிமிர்ந்தான். அன்றைக்கு நிமிர்ந்த மாதிரியே.

"நீங்க சிரிச்சீங்க... நான் உங்களப் பாத்துக்கிட்டே இருந்துட்டேங்க. கேன் காலியானது தெரியல. மழை பெஞ்சது தெரியல. கவனப்பிசகுன்னு சொன்னது பொய். நல்லா கவனமாத்தான் இருந்தேன்... ஆயில்ல இல்ல, அவ்ளோதான். உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. தப்பா இருந்தா சொல்லிடுங்க, நான் பஞ்சர் ஒட்டப் போயிடறேன்."

கல்லாவில் பில் புத்தகம் புரளுவது நின்றுபோனது.

தமிழரசியின் கன்னம் மெல்ல மெல்லச் சிவந்தது. அதை நேராகப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. "வண்டியக் கொண்டாங்க, லெவல் பாத்துடுவோம்" என்று அவளைத் தாண்டி ஸ்கூட்டர் பக்கம் நகரப் பார்த்தான்.

"வேணாம். லெவல் சரியாத்தான் இருக்கு."

"பாக்காம எப்படிங்க..."

"காலையில எங்க வீட்டு வாசல்லயே பாத்துட்டேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பத்து நிமிஷம் பொறுத்து, திருகாம விட்டு எடுத்தேன். மேல் கோட்ட ஒட்டி கரெக்டா இருக்கு."

"பின்ன எதுக்கு..."

"எனக்கு மாயவரத்துல வேலை கிடைச்சுடுச்சு. அத சொல்லலாம்னு வந்தேன்." அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள், அவிழ்த்தாள். "அது மட்டும் இல்ல... இந்த வாரம் லேப்ல ஒரு பெரியவருக்கு மூணு தடவ குத்திட்டேன். மூணு தடவ! ஆறு வருஷத்துல எனக்கு அப்படி ஆனதே கிடையாது. அடுத்த நாள் இன்னொரு அம்மாவுக்கும் ரெண்டு தடவ. டாக்டர் கூப்புட்டு வெச்சு, என்னம்மா ஆச்சு உனக்குன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? ஊசிய எடுத்தாலே பக்கத்துல ட்யூபப் புடிச்சுக்கிட்டு ஒருத்தர் குந்தியிருக்கற மாதிரியே இருக்குன்னா சொல்ல முடியும்? நானும் உங்கள மாதிரியே வாயத் தொறக்காம நின்னுட்டு வந்துட்டேன்."

சசிதரனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இப்ப என்கிட்ட சொல்லிட்டீங்களே..." என்றான்.

"சொல்லிட்டேன்ல?" என்றாள் தமிழரசி.